அம்சம் வீட்டிலிருந்த அரிசி

"இதை நீயே வச்சுக்க அம்சம். என் வூட்டுல இருந்தா ஆக்கித் தின்னுபுடுவேன்."

"என்னாக்கா வெளையாடுறியா? அரிசிய எதுக்கு எங்கிட்ட கொண்டாந்து எறக்குற?"

"வெளையாட்டு இல்லடி. மேடம் என்னா சொன்னுச்சு? சோத்தைக் குறைங்க, சோத்தைக் குறைங்கன்னு தலபாடா அடிச்சுக்குதுல்ல. வூட்டுல இருக்கறதே இது ஒண்ணுதான். பசிச்சா கை தானா ஒலை வைக்குது. அரிசி இல்லாட்டி எப்புடி வைக்கும்?"

"அப்ப எதத் திம்ப?"

"நீங்கள்லாம் இருக்கீங்கல்ல. அஞ்சு வூடு. முறை போட்டு ஆளுக்கு ஒருநாளு ஒரு உருண்டை களி, ஒரு கை கீரை குடுக்க மாட்டீங்களா?"

"அது குடுக்கறதுல என்னா இருக்கு."

"ரேஷன் கார்டையும் வச்சுக்க. மாசாமாசம் உன் அரிசியோட என் அரிசியையும் நீயே வாங்கியாந்து வச்சிரு. மாமா வர்றப்ப எடுத்துக்கறேன். அவரு வந்தா சோறு இல்லாம முடியாது."

இதைச் சொல்லும்போது சவரியம்மாள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அம்சமும் சிரித்தாள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு இரண்டு பேரும் அந்தப் பேச்சை நினைத்துப் பார்த்தார்கள். அக்காதான் கொண்டுவந்து கொடுத்தாள் என்று அம்சம் நினைத்தாள். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம் என்று சவரியம்மாள் நினைத்தாள். இரண்டும் உண்மைதான்.

அது ஆவணிக் கடைசி. குடமுருட்டிக் கரையில், திருக்காட்டுப்பள்ளிக்கு டவுன் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது ஆவாரம்படுகை. அந்த வருஷம் ஆனியில் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை இல்லை என்று ஆயிற்று. போர்வெல் வைத்திருந்த நான்கைந்து பேர் நட்டார்கள். அதற்கும் கரண்ட் வரும் நேரம் பார்த்து வயலிலேயே காத்துக் கிடந்தார்கள். நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் போகிற பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடவு நடக்கும் மாதங்களில் சவரியம்மாளுக்குச் சர்க்கரை தானாகவே இறங்கிவிடும். காலையிலிருந்து மத்தியானம் வரை சேற்றில் குனிந்து நின்றால் உடம்பு தின்றதையெல்லாம் கரைத்துவிடும். வயலில் தண்ணீர் நின்றால் நண்டு கிடைக்கும், நத்தை கிடைக்கும், வரப்போரம் பொன்னாங்கண்ணி முளைக்கும். ரேஷனில் சும்மா கொடுக்கிற அரிசிக்கு வயல் குழம்பு கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் வேலையும் போனது, கூலியும் போனது, நண்டும் போனது. மிஞ்சியது அரிசி ஒன்றுதான். மூன்று வேளையும் சோறு, உப்பு, ஒரு பச்சை மிளகாய். உடம்பில் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

புருஷன் மரியஅந்தோணி திருப்பூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன். மகன் கிளாட்சன் கத்தாரில் கம்பி கட்டுகிறான். அவன் அனுப்புவது அவனை அனுப்பிய ஏஜெண்டின் கடனுக்கே சரியாக இருந்தது. சவரியம்மாள் தனியாகத்தான் இருந்தாள்.

ஆடியில் சான்ட்ரா ஸ்கூட்டியில் வந்தாள். தஞ்சாவூரில் ஒரு டிரஸ்ட்டில் வேலை பார்க்கும் சின்னப் பெண். மாதா கோயில் ஹாலில் சர்க்கரை வியாதி உள்ள பெண்களைக் கூட்டி, ஆறு பேருக்கு ஒரு குழு என்று பிரித்தாள். மாத்திரை டிரஸ்ட்டே கொடுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை காலையில் வெறும் வயிற்றில் டெஸ்ட். சர்க்கரை நூற்று முப்பதுக்குக் கீழே இருந்தால் ஆளுக்கு எழுநூற்றைம்பது ரூபாய்க் கூப்பன். மூஸா ராவுத்தர் கடையில் பருப்பு, எண்ணெய், கேழ்வரகு, முட்டை எது வேண்டுமானாலும் வாங்கலாம். அரிசியும் சர்க்கரையும் மட்டும் கூடாது.

"ஒருத்தருக்கு ஏறிடுச்சுன்னா?" என்று கேட்டாள் தர்மாம்பாள்.

"அந்தக் குழுவுல யாருக்குமே கிடையாதும்மா. அப்பதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப்பீங்க."

"குழுக் கடன் மாதிரி."

"அதேதான்," என்று சான்ட்ரா சந்தோஷப்பட்டாள். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டும் வரை வசூல்காரன் எழுந்து போகமாட்டான் என்பதை அந்தத் தெருவில் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அம்சம்தான் தலைவி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும், சத்தமாகப் பேசத் தெரியும். பதினாறு வயசில் அவள் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது, நடவில் எப்படி முதுகு வலிக்காமல் குனிவது என்று கற்றுக்கொடுத்தவள் சவரியம்மாள். அப்போதிலிருந்து ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் இருவரும் நட்டார்கள்.

முதல் டெஸ்ட்டில் ஐந்து பேருக்கு இறங்கியிருந்தது. சவரியம்மாளுக்கு முந்நூற்றுப் பத்து.

ஹாலிலிருந்து திரும்பி வரும்போது யாரும் அவளைத் திட்டவில்லை. குழுவில் ஒருத்தியான ரெத்தினம் மட்டும் நடந்துகொண்டே, "பருப்பு என்னா வெலை விக்குது தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டாள். அந்த மாதம் ரேஷன் வாங்கி வந்த கையோடு சவரியம்மாள் அரிசியைக் கொண்டுபோய் அம்சம் வீட்டில் இறக்கினாள்.

*

ஆரம்பத்தில் முறை நன்றாகத்தான் நடந்தது. திங்களன்று அம்சம் வீட்டுக் கேழ்வரகுக் களி. மறுநாள் தர்மாம்பாள் கொள்ளு அவித்து, வெங்காயம் தாளித்துக் கொண்டுவருவாள். ரெத்தினம் கொண்டுவரும் கீரையில் மண் இருக்கும். ஆனால் பாத்திரம் நிறைய இருக்கும். மற்ற இரண்டு பேரும் அவரவர் வீட்டில் இருந்ததைக் கொடுத்தார்கள். எல்லோரும் கொண்டுவந்து வைத்துவிட்டு உடனே போகமாட்டார்கள். உட்கார்ந்து அவள் தின்பதைப் பார்ப்பார்கள்.

"என்னடி பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க?"

"பொண்ணா? இந்த வயசுல உன்னைப் பாக்க எவன் வருவான். அடுப்புல சாம்பல் சூடா இருக்கே, அத பாத்தேன்," என்பாள் ரெத்தினம்.

"வெந்நி வச்சேன்டி."

"வெந்நிதானே. கோவப்படாத."

இரண்டாவது டெஸ்ட்டில் எல்லோரும் தேறினார்கள். சவரியம்மாளுக்கு நூற்றுப் பதினெட்டு. ஆறு பேரும் கூப்பனை எடுத்துக்கொண்டு நேராக மூஸா ராவுத்தர் கடைக்குப் போனார்கள்.

"ஏம்மா, எல்லாருக்கும் சர்க்கரை எறங்கிட்டா நான் மூட்டை மூட்டையா எறக்கி வச்சிருக்கற சர்க்கரைய யாரு வாங்குவா?" என்றார் ராவுத்தர்.

"நீங்களே கரைச்சுக் குடிங்க பாய். அடுத்த குழுவுக்கு ஆள் தேடுது மேடம்," என்றாள் அம்சம்.

சவரியம்மாள் துவரம்பருப்பு, கேழ்வரகு, ஒரு பாக்கெட் எண்ணெய், பத்து முட்டை வாங்கினாள். வரும் வழியில் அம்சம் அவள் பையைத் தானே வாங்கித் தூக்கிக்கொண்டாள். "நீ தேறுனதாலதான்க்கா எல்லாருக்கும்," என்றாள். அன்றைக்குச் சவரியம்மாளுக்கு இருந்த சந்தோஷம் கிளாட்சன் பத்தாவது பாஸானபோதுகூட இருந்ததில்லை.

அதற்கு முன்பே, புரட்டாசியில், தாமதமாகத் தண்ணீர் வந்திருந்தது. அவசர அவசரமாகச் சம்பா நட்டார்கள். கொஞ்ச நாள் வேலை இருந்தது. கார்த்திகையில் மழை ஏமாற்றியது. ஆற்றில் தண்ணீருக்கு முறை வைத்தார்கள். தலைமடைக்காரர்கள் கடைமடைக்குப் போகிறது என்றார்கள், கடைமடைக்காரர்கள் தலைமடையிலேயே நின்றுவிட்டது என்றார்கள். மார்கழியில் ஆவாரம்படுகை வயல்கள் கதிர் தள்ளும் பருவத்தில் பாளம் பாளமாக வெடித்தன. கதிர் வெளியே வராமல் தோகைக்குள்ளேயே நின்றது.

சவரியம்மாளுக்கு வைத்த முறையும் அப்படித்தான் ஆனது. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. தர்மாம்பாள் மகன் வீட்டுக்குப் போய்ச் சில வாரம் இருந்துவிட்டு வந்தாள். ரெத்தினத்தின் புருஷன் பஸ் ஸ்டாண்டில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். இன்னொருத்தி கொத்து வேலைக்குக் கேரளா போன புருஷனிடமிருந்து பணம் வராமல் தாலிக்கயிற்றில் இருந்த தங்கக் குண்டை விற்றாள். அம்சத்தின் மகள் செவ்வந்தி பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒவ்வொருத்தியும் தன் முறையை விட்டபோது, மற்ற வீடுகளிலிருந்து போகும் என்று நினைத்தாள். பாத்திரம் வருவது நின்றது. ஆனால் பார்க்க வருவது நிற்கவில்லை.

"சோறு எதுவும் ஆக்கலையேக்கா?"

"எங்கேருந்து ஆக்குறது? அரிசி அம்சத்துக்கிட்டல்ல இருக்கு."

"அதான் நல்லது. இந்தத் தடவை கூப்பன் வந்தாத்தான் எங்க வூட்டுல அடுப்பு எரியும். உன் கையிலதான் இருக்கு. சாப்புட்டியா?"

"ஆச்சு."

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ. யாரும் கேட்கவில்லை.

கூப்பனில் வாங்கிய பருப்பும் கேழ்வரகும் மார்கழி பிறக்கும் முன்பே தீர்ந்துவிட்டன. கொல்லையில் ஒரு முருங்கை மரம் நின்றது. கைக்கு எட்டிய கிளைகளை எல்லாம் உருவியாகிவிட்டது. துரட்டிக்கோலால் உயரத்துக் கிளைகளை முறித்துப் போட்டு, கீரையை உப்புப் போட்டு வேகவைத்துத் தண்ணீரோடு குடித்தாள். மாத்திரையை மட்டும் விடவில்லை. எது இல்லாவிட்டாலும் மாத்திரையை விடக்கூடாது என்று சான்ட்ரா மேடம் சொல்லியிருந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். அந்த அரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு அவள் பாயை விரித்துப் படுத்துக்கொள்வாள்.

*

செவ்வந்திக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேட்டு சவரியம்மாள் பார்க்கப் போனாள். வெறுங்கையோடு போக முடியாமல் முருங்கைக் கீரையை ஒரு கட்டு கட்டி எடுத்துக்கொண்டாள். பால் ஊறும்.

அரிசியைத் திருப்பிக் கேட்டுவிடலாம் என்ற எண்ணமும் அன்றைக்கு அவளிடம் இருந்தது. மொத்தமும் வேண்டாம். ஒரு படி போதும். கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அவ்வளவாக ஏறாது என்று சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று நடந்துகொண்டே யோசித்தாள். அஞ்சு வீட்டு அடுப்பு உன் கையில் இருக்கிறது என்று சொன்னவர்களிடம் ஒரு படி அரிசி கேட்பது சுலபமாக இல்லை.

அம்சம் வீட்டு வேலியில் துணிகளோடு சவரியம்மாள் அரிசி கொண்டுவந்த சாக்கும் காய்ந்துகொண்டிருந்தது. மரியஅந்தோணி மில்லிலிருந்து கொண்டுவந்த நீலச் சாக்கு. ஓரம் பிரிந்த இடத்தில் அவளே கோணியூசியால் தைத்திருந்தாள். துவைத்து உதறிக் காயப்போட்டிருந்தார்கள்.

அவள் அங்கேயே சற்று நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

செவ்வந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு சூடான சோற்றில் பூண்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆவி பறந்தது. பக்கத்தில் பழைய சேலையில் குழந்தை. அம்சம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சவரியம்மாளைக் கண்டதும் அவள் கண் வேலிப் பக்கம் போய் வந்தது.

"வாக்கா," என்றாள். குரலில் எப்போதும் இருக்கும் சத்தம் இல்லை.

"கொழந்தை அப்புடியே செவ்வந்தியாட்டம் இருக்கு."

"நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க பெரியம்மா," என்றாள் செவ்வந்தி. "அம்மா, பெரியம்மாவுக்கு ஒரு தட்டு எடு."

"அவங்களுக்குச் சோறு ஆவாதுடி. சுகரு," என்றாள் அம்சம் அவசரமாக.

"ஆமா தாயி. எனக்கு ஆவாது. நீ நல்லா சாப்புடு. பச்ச ஒடம்பு."

தட்டில் இருந்தது தன் அரிசிதான் என்று சவரியம்மாளுக்குத் தெரிந்தது. அம்சம் வீட்டில் ஐந்து வாய். அவர்கள் கார்டு அரிசி பாதி மாதம்கூடத் தாங்காது. பிள்ளை பெற்றவள் பட்டினி கிடக்கலாமா? நானாக இருந்தாலும் அந்தச் சாக்கைத்தான் பிரித்திருப்பேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததால் பசி குறையவில்லை. ஆனால் இனிமேல் கேட்க முடியாது என்று ஆகிவிட்டது. கேட்டால் இல்லை என்று அம்சம் சொல்ல வேண்டிவரும். மகள் முன்னால், தெரு முன்னால் அவளை அப்படிச் சொல்ல வைக்க முடியாது.

குழந்தையைக் கையில் வாங்கி, நெற்றியில் சிலுவை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். வாசல் வரை அம்சம் கூடவே வந்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

"பூண்டு இன்னும் கொஞ்சம் கூடப் போடு. பால் நல்லா சுரக்கும்," என்று சொல்லிவிட்டு சவரியம்மாள் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மரியஅந்தோணி போன் செய்தான்.

"என்னா ஆக்குன?"

"கெண்ட மீன் கொழம்பு."

"வாய்க்கால்ல தண்ணியே இல்லன்னு பயலுவ சொல்றானுவ. கெண்டை எங்கேருந்துடி வந்துச்சு?"

"வண்டியில வித்துட்டு வந்தான். நாகப்பட்டினத்து வண்டி."

"நாகப்பட்டினத்துலேருந்து கெண்டையா வரும்?"

"ஏதோ மீனு. மீனுன்னா மீனு. சோத்துக்கு ருசியா இருந்துச்சா இல்லியாங்கறதுதான். நீங்க என்னா சாப்புட்டீங்க?"

"மில்லு கேண்டீன மூடிட்டான். கரண்டே இல்ல, ஒரு ஷிப்ட்டுதான் ஓடுது. சம்பளம் அடுத்த மாசம் சேத்துத் தர்றேங்கறான். கடையில புரோட்டா." பிறகு, "சவரி, உன் கொரலு ஏன் கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?" என்றான்.

"டவரு இல்ல."

"ஒடம்ப பாத்துக்க. சோறு ரொம்பத் திங்காத."

"சரி," என்றாள். போனை வைத்த பிறகு சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

*

தை பிறந்ததும் கிளமென்ட் வாத்தியார் மகளுக்குக் கல்யாணம். பள்ளிக்கூடத்தில் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஊர் முழுக்கச் சாப்பாடு சொல்லியிருந்தார். சவரியம்மாள் அந்தக் கல்யாணத்தை நினைத்துக்கொண்டே இரண்டு நாளைத் தள்ளியிருந்தாள். கோயிலில் கல்யாண மந்திரிப்பு நடக்கும்போது முழங்காலில் நிற்க முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சாமியார் என்ன சொன்னார் என்பது காதில் விழவில்லை. ஹாலின் பின்புறத்திலிருந்து சாம்பார் கொதிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

பந்தியில் அவள் உட்கார்ந்ததும் ஒரு பக்கம் அம்சம் உட்கார்ந்தாள், மறுபக்கம் ரெத்தினம். தர்மாம்பாள் எதிர் வரிசை. செவ்வாய்க்கிழமை டெஸ்ட்.

இலை போட்டார்கள். உப்பு, ஊறுகாய், வாழைக்காய்ப் பொரியல், கோஸ் கூட்டு, அப்பளம். சவரியம்மாள் அப்பளத்தை எடுத்து ஒரு கடி கடித்தாள். அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் வரிசையில் வந்தான். வெள்ளை வெளேரென்ற பொன்னி அரிசிச் சோறு. ஒவ்வொரு இலையிலும் இரண்டு கரண்டி விழுந்தது. அவள் தன் இலையில் இருந்த கூட்டை ஓரமாக ஒதுக்கி இடம் செய்தாள்.

ரெத்தினத்துக்குப் போட்டுவிட்டு அவன் கரண்டியை அவள் இலை மேல் கொண்டுவந்தபோது அம்சத்தின் கை நடுவில் நீண்டது. ஐந்து விரலையும் விரித்து இலையை மூடியது.

"இவங்களுக்கு வேணாம் தம்பி. சுகரு."

"கொஞ்சமா போடவா?"

"கொஞ்சமும் வேணாம். செவ்வாக்கெழமை டெஸ்ட்டு. போ."

"கல்யாணச் சோறுதானே, ஒரு நாளைக்கு என்னா ஆயிடப் போவுது?" என்று அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த யாரோ கேட்டார்கள்.

"ஒரு நாளைக்கு ஆவறதுலதான்மா அஞ்சு குடும்பத்துக் கூப்பன் போவும்," என்றாள் ரெத்தினம். "ஏற்கெனவே ஒருவாட்டி போச்சு. தம்பி, கூட்டு இன்னும் ரெண்டு கரண்டி வைக்கச் சொல்லு இவங்களுக்கு. அதுல ஒண்ணும் இல்ல."

"பாயாசமாவது குடுப்பீங்களா?" என்று எதிர் வரிசையிலிருந்து ஒருவர் கேலி செய்ய, பந்தியே சிரித்தது. சவரியம்மாளும் சிரித்தாள். அன்னக்கூடை தாண்டிப் போய்விட்டது.

அம்சம் கையை எடுத்துக்கொண்டாள். தன் இலைச் சோற்றில் சாம்பாரைப் பிசைந்தாள். ஆனால் உருட்டிய கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக நேரமாயிற்று. சவரியம்மாள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டு பாதிப் பந்தியிலேயே தீர்ந்துவிட்டது என்று பிறகு ஒருவன் வந்து சொன்னான்.

*

செவ்வாய்க்கிழமைக் காலை விடிந்தும் விடியாமலும் தர்மாம்பாள் வந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மாத்திரையை அவிழ்த்தாள்.

"இதையும் போட்டுக்க அக்கா. என்னோடது. எனக்கு நேத்து ஆஸ்பத்திரியில பாத்தேன், நூறுதான் இருக்கு. உன்னை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

"என்னோடது போட்டுட்டேன்டி."

"ரெண்டா போட்டா நல்லா எறங்கும். எங்க வூட்டுல பருப்பு கண்ணால பாத்து ஒரு மாசமாவுது."

உப்பு கேட்டால் கொடுப்பதுபோல, நெருப்பு கேட்டால் கொடுப்பதுபோல, அவள் தன் ஒருநாள் மருந்தை எடுத்துக் கொடுத்தாள். சவரியம்மாள் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள்.

ஹால் வரை நடக்கும்போதே கால் தரையில் பாவவில்லை. பனிக் காலையில் அவள் ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. "ஏன்க்கா ஆடி ஆடி நடக்குற?" என்று ரெத்தினம் கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சான்ட்ரா விரலைப் பிடித்துக் குத்தினாள். ரத்தம் வரவில்லை, அழுத்திப் பிதுக்கினாள்.

மெஷின் சத்தம் கொடுத்தது. அம்சம்தான் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"நாப்பத்தொண்ணு."

"எத்தன?"

"நாப்பத்தொண்ணுடி. நூறுகூட இல்ல. நம்ம எல்லாரையும் விடக் கம்மி."

கை தட்டினார்கள். தர்மாம்பாள் மாதாவைக் கும்பிட்டாள். அவள் கும்பிடுகிற சாமி வேறு, ஆனாலும் அந்த ஹாலில் மாதாதான் இருந்தாள். ரெத்தினம் சவரியம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கி, "ஜெயிச்சுட்டக்கா," என்றாள். உலுக்கிய உலுக்கில் சவரியம்மாளின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது.

சான்ட்ராவின் முகம் வெளுத்துவிட்டது. "சர்க்கரை," என்றாள். "யாராவது சர்க்கரை கொண்டாங்க. சீக்கிரம்."



"சர்க்கரையா?" என்றாள் தர்மாம்பாள்.

"ஆமாம்மா. அவங்களுக்குச் சர்க்கரை ரொம்பக் குறைஞ்சு லோ ஆயிடுச்சு. இப்ப குடுக்கலேன்னா உயிருக்கே ஆபத்து. போங்க."

"எறங்கறதுக்குத்தானே மேடம் இவ்வளவும்," என்று ரெத்தினம் குழம்பினாள். "இப்ப சர்க்கரை குடுத்தா ஏறிடுமே."

"எழுதிட்டுக் குடுங்க மேடம்," என்றாள் தர்மாம்பாள். அவள் குரல் கெஞ்சியது. "நம்பரை மொதல்ல எழுதிடுங்க. அப்பறம் குடுக்கலாம்."

அம்சம் அதற்குள் ஓடியிருந்தாள். ஹாலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் கேட்காமலே சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். தம்ளரில் கரைத்து, சவரியம்மாளின் தலையைத் தன் மார்பில் சாய்த்து, சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். பாதி கழுத்தில் வழிந்தது. சான்ட்ரா கன்னத்தின் உட்புறம் சர்க்கரையை வைத்துத் தேய்த்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சவரியம்மாளின் தொண்டை அசைந்தது. பிறகு தானாகவே தம்ளரைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள் சான்ட்ரா.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து உன் முறைதானே ரெத்தினம்?" என்றாள் ஒருத்தி.

"எங்க வூட்டுக்காரு கால் ஒடிஞ்சதுலேருந்து நான் குடுக்கல. தர்மாம்பாள்தானே குடுத்துக்கிட்டிருந்தா?"

"நானா? நான் கொஞ்ச நாளு ஊருலயே இல்லியே. அம்சம் பாத்துக்குவான்னு நெனச்சேன்."

எல்லோர் கண்களும் அம்சத்தின் மேல் வந்து நின்றன. அவள் தலையைத் தூக்கவில்லை. சவரியம்மாளின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாம்மா சாப்பிடல?" என்றாள் சான்ட்ரா. சவரியம்மாள் தம்ளரின் அடியில் இருந்த சர்க்கரையை விரலால் வழித்தாள். சான்ட்ராவின் கண்ணில் நீர் கட்டியது. "இந்த நம்பரை நான் தேறினதா எழுத முடியாது. எழுதவும் மாட்டேன்," என்றாள். சொல்லிவிட்டு ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனாள். தர்மாம்பாள் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா," என்றாள் அம்சம். "நான் பாவி. என்னைத் திட்டு. செருப்பால அடி. உனக்கு என்னா வேணும் சொல்லு. என்னா வேணும்னாலும் செய்றேன்."

சவரியம்மாள் அவளைப் பார்த்தாள். சர்க்கரைத் தண்ணீர் இறங்கிய இடத்தில் வயிறு விழித்துக்கொண்டது. இத்தனை நாளாக எங்கோ மரத்துப்போய்க் கிடந்த பசி அடிவயிற்றிலிருந்து எழுந்து, மார்பை அடைத்து, தொண்டைக்கு வந்தது. வேலியில் காய்ந்த சாக்கு நினைவுக்கு வந்தது. செவ்வந்தியின் தட்டு நினைவுக்கு வந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தது. அம்சத்தால் கொடுக்க முடியாது என்பதும், நாலு பேர் முன்னால் அவள் வாயால் அதைச் சொல்ல வேண்டிவரும் என்பதும் தெரிந்தது. பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"அம்சம்," என்றாள். "என் அரிசியக் குடுடி. நான் சோறு திங்கணும்."